வெள்ளைக் கோயிலில் ஸ்பைடர்மேனுக்கு என்ன வேலை?

நவம்பரில் குடும்பத்தோடு வட தாய்லாந்து போகிறீர்கள். எழுபது வயது தாண்டிய அம்மாவும் உடன் வருகிறார். சியாங் ராய் வெள்ளைக் கோயிலின் சுவரில் ஸ்பைடர்மேனும் மைக்கேல் ஜாக்சனும் இருப்பதாக எங்கோ படித்துவிட்டு, "இது கோயில்தானா, சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டிய கண்காட்சியா? போவது வீணா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு மூன்று முறை படித்தேன். கட்டடத்தைப் பற்றிக் கேட்பதுபோல் இருந்தாலும் உங்கள் கவலை அம்மாவைப் பற்றியது என்றே எனக்குப் படுகிறது. கோயில் என்று சொல்லி அழைத்துப்போன இடத்தில் கார்ட்டூன் பொம்மைகளைக் கண்டு அவர் முகம் சுண்டிவிட்டால் என்ன செய்வது? அதற்கே பதில் சொல்கிறேன். பஸ், டிக்கெட் விவரமெல்லாம் போகிற போக்கில் வரும்.

நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன். பிழைப்பு வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய், பதினைந்து ஆண்டுகளாகத் தமிழ்ப் பயணக் குழுக்களைத் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கு அழைத்துச் செல்கிறேன். வெள்ளைக் கோயிலுக்கு மட்டும் முப்பது தடவைக்குக் குறையாமல் போயிருப்பேன். பௌத்தன் அல்லன். தாய் மொழியில் பேரம் பேசத் தெரியும். பிக்கு ஒருவர் உபதேசம் செய்தால் பாதிதான் புரியும். ஆகவே ஓவியத்தைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். தம்மத்தை, அதாவது புத்தரின் போதனையைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கோயிலின் பெயர் வாட் ரோங் குன். 'வாட்' என்பது வழிபாட்டு மண்டபங்களும் பிக்குகள் தங்கும் இடமும் சேர்ந்த வளாகம். ரோங் குன் என்பது ஊர். சியாங் ராய் நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 13 கிலோமீட்டர். இங்கே முன்பிருந்தது சாதாரண ஊர்க் கோயில். 1990-களில் அது சிதிலமடைந்து, செப்பனிடப் பணமில்லாமல் கிடந்தது. அதே ஊரில் 1955-இல் பிறந்து, பாங்காக்கின் சில்பகோர்ன் பல்கலைக்கழகத்தில் தாய் மரபு ஓவியம் படித்து, அதற்குள் பெயரும் பணமும் சேர்த்திருந்த சலெர்ம்சாய் கோசித்பிபத் என்ற ஓவியர் 1997-இல் அதைக் கையில் எடுத்தார். தன் சொந்தப் பணத்தைப் போட்டு, தன் வடிவமைப்பில் அடியோடு புதிதாகக் கட்டத் தொடங்கினார். 2013 வாக்கிலேயே நாலு கோடி பாட் செலவாகியிருந்தது. நன்கொடை வாங்குகிறார், ஆனால் ஒருவரிடம் 10,000 பாட்டுக்கு மேல் வாங்குவதில்லை. பெருந்தொகை கொடுத்தவர் நாளைக்கு வந்து, "அந்தத் தூணைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்" என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக இந்த உச்சவரம்பு. நம் ஊர்த் திருப்பணிக் கமிட்டிகளில் இருந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இப்படி ஒரு தனி மனிதர் தன் பணத்தில், தன் விருப்பப்படி, தன் பாணியிலேயே முழு வளாகத்தையும் எழுப்புவதால்தான் சிலர் இதைத் 'தனியார் கலைக் கண்காட்சி' என்று எழுதுகிறார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அரசனோ ஊராரோ கட்டுவித்து, பெயர் தெரியாத சிற்பிகள் உளியைப் பிடித்த கோயில்களுக்குப் பழகிய நமக்கு, மூலைக்கு மூலை ஒருவருடைய கையெழுத்து தெரிவது உறுத்தத்தான் செய்யும். ஆனால் அவர் திட்டமிட்ட ஒன்பது கட்டடங்களைப் பாருங்கள்: முதன்மை வழிபாட்டுக் கட்டடமான உபோசத மண்டபம், புனித எச்சங்களை வைக்கும் தாது மண்டபம், தியான மண்டபம், பிக்குகள் தங்கும் இடம், கலைக்கூடம் என்று போகிறது பட்டியல். கலைக்கூடம் அதில் ஒன்றுதான். இதைப் புத்தருக்குத் தான் செலுத்தும் காணிக்கை என்றே அவர் சொல்லி வருகிறார். எல்லாம் முடிய 2070 ஆகும் என்று ஒரு மதிப்பீடு உண்டு. அப்போது அவருக்கு 115 வயது இருக்க வேண்டும்; அதனால் வேலையைத் தொடர்வதற்குச் சீடர்களை இப்போதே பழக்கி வைத்திருக்கிறார். கோயிலா கண்காட்சியா என்ற கேள்விக்கு என் பதில்: கோயில். பிடிவாதக்காரர் ஒருவர் கட்டிய கோயில்.

இனி ஸ்பைடர்மேன். இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

தாய்லாந்தின் பழைய உபோசத மண்டபங்களில் எந்தச் சுவரில் எதை எழுதுவது என்பதற்கு ஒரு மரபு உண்டு. உபோசத மண்டபம் என்பது பிக்குகளுக்குத் தீட்சை தரும் இடம். கோயிலின் ஆகப் புனிதமான கட்டடம். உள்ளே புத்தர் பெரும்பாலும் கிழக்கு நோக்கி அமர்ந்திருப்பார். அவருக்குப் பின்னால் உள்ள சுவரில் மூவுலகங்களின் அமைப்பு: மேலே தேவலோகங்கள், நடுவில் மேரு, கீழே நரகங்கள். பக்கச் சுவர்களில் புத்தரின் வரலாறோ, அவருடைய முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளோ வரும். அவருக்கு நேர் எதிரே, நாம் நுழையும் வாசலுக்கு மேலே உள்ள சுவர் மாரனுக்கு உரியது. போதி மரத்தடியில் அமர்ந்தவரை எழுப்பிவிட மாரன் படை திரட்டி வருகிறான். நிலமகள் தன் கூந்தலைப் பிழிய, அதிலிருந்து பெருகும் வெள்ளத்தில் அந்தப் படை அடித்துச் செல்லப்படுகிறது. ஒரு பக்கம் யானையும் வேலுமாகப் பாய்ந்து வருகிறவர்கள், மறுபக்கம் முதலை வாயில் அகப்பட்டுத் தத்தளிக்கிறவர்கள். தமிழில் மாரன் என்றதும் நமக்குக் கரும்புவில் வைத்திருக்கும் மன்மதன் நினைவுக்கு வருகிறான். பௌத்தர்களுக்கு அவன் ஆசையும் அச்சமும் சாவும் சேர்ந்த உருவம். சொல் ஒன்றுதான், ஆள் இன்னும் கொடியவன்.

அந்தச் சுவர்தான் ஓவியர்களின் விளையாட்டு மைதானம். புத்தரை வரைவதற்கு இலக்கணம் உண்டு: காது இவ்வளவு, விரல் இவ்வளவு, புன்னகை இப்படி. மாரன் படைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஆகவே தங்கள் காலத்தில் யாரைக் கண்டு மிரண்டார்களோ, வியந்தார்களோ, சிரித்தார்களோ, அவர்களையெல்லாம் அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். 18, 19-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் மாரனின் படையில் தொப்பியும் துப்பாக்கியுமாக ஐரோப்பியர்களும், தலைப்பாகை கட்டிய மேற்காசியர்களும், சீனர்களும் நிற்பதைப் பார்க்கலாம். மாரன் சுவர் மட்டும் என்றில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் குருவா இன் கோங் என்ற பிக்கு பாங்காக்கின் வாட் போவொன்னிவேட் கோயிலில் மேலைநாட்டு மாளிகைகளையும் கப்பல்களையும் சீமை உடையணிந்த மனிதர்களையும் வரைந்து வைத்தார். அந்த நாடுகளுக்கு அவர் போனதே இல்லை. வந்து சேர்ந்த படங்களைப் பார்த்து வரைந்தார். அந்தக் கோயிலில் இன்று அது மரபு. நான் நகரத்தில் உள்ள வாட் பூமின் சுவர்களில் நீராவிக் கப்பல் இருக்கிறது. ('நான்' என்பது ஊரின் பெயர், என்னைச் சொல்லவில்லை.) நமக்கும் இது அன்னியமில்லை: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் தொப்பி போட்ட ஐரோப்பியர் ஒருவர் எட்டிப் பார்க்கிறார், அவர் எப்போது ஏறினார் என்பதில்தான் சண்டை.

சலெர்ம்சாய்க்கு இதெல்லாம் கல்லூரிப் பாடம். அதை முதலில் பெரிய அளவில் செய்து பார்த்த இடம் தாய்லாந்தே அல்ல. 1984-இலிருந்து நான்கு ஆண்டுகள் பன்யா விஜிந்தனசார்ன் என்ற இன்னோர் ஓவியரோடு சேர்ந்து, லண்டன் விம்பிள்டனில் உள்ள வாட் புத்தபதீபத்தின் உள்சுவர்களை வரைந்தார். அந்தச் சுவர்களில் மார்கரெட் தாட்சர் வந்தார், அன்னை தெரசாவும் வந்தார். பிக்குகளும் அரசாங்கத்தாரும் சக ஓவியர்களும், இது தாய் ஓவியமே இல்லை என்று கொதித்தார்கள். பிறகு காலம் மாறியது. மன்னர் பூமிபோலே அவரது ஓவியங்களை வாங்குகிற நிலை வந்தது. 2011-இல் தேசியக் கலைஞர் பட்டமும் கிடைத்தது. ஆக, ரோங் குன் சுவரில் உள்ளதைச் சுற்றுலாப் பயணிகளைக் கவர்வதற்கான தந்திரம் என்று சொல்கிறவர்கள் தேதிகளைப் பார்க்கவில்லை. சியாங் ராய்க்குக் கூட்டம் வருவதற்கு முன்பே, திட்டு வாங்கிக்கொண்டு இதைச் செய்தவர் அவர்.

இப்போது உள்ளே போவோம். தூரத்திலிருந்து பார்க்கும்போது சர்க்கரைப் பாகில் முக்கி எடுத்ததுபோல் இருக்கும். சுண்ண வெள்ளை, அதில் பொடிப்பொடியாகப் பதித்த கண்ணாடித் துண்டுகள். வெள்ளை புத்தரின் தூய்மைக்கு. கண்ணாடியில் தெறிக்கும் ஒளி அவருடைய ஞானத்துக்கு. இது ஓவியரே சொன்ன விளக்கம். மற்றக் கோயில்களில் மின்னும் பொன்னிறம் ஆசை பிடித்தவர்களுக்குத்தான் பொருந்தும் என்றும் சொல்லி வைத்திருக்கிறார். தாய்லாந்தில் இருந்துகொண்டு இதைச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும். உபோசத மண்டபத்துக்குப் போக ஒரு பாலம் உண்டு. பாலத்தின் முன்னால் வட்டமான பள்ளத்திலிருந்து நூற்றுக்கணக்கான கைகள் மேல்நோக்கி நீளுகின்றன. வழிகாட்டிகள் பலர், "நரகத்தில் கிடப்பவர்கள் உதவி கேட்கிறார்கள்" என்று சொல்வார்கள். கோயில் தரப்பு விளக்கம் வேறு: அவை கட்டுக்கடங்காத ஆசை. கெஞ்சுகிற கைகள் அல்ல, கேட்டுக்கொண்டே இருக்கும் கைகள். பிச்சைப் பாத்திரம் ஏந்திய கை ஒன்றும் நடுவில் தெரியும். பாலம் பிறவிச் சுழலைக் கடப்பதைக் குறிக்கிறது. தொடக்கத்தில் பாதி பெண்ணும் பாதி பறவையுமான இரண்டு கின்னரிகள் நிற்கின்றன. கடந்ததும் சொர்க்க வாசல். காவலுக்கு மரணமும் ராகுவும். அம்மாவுக்கு ராகுவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் எலுமிச்சை விளக்கு ஏற்றுகிறவராக இருந்தால் இங்கே ஒரு கணம் நின்று கும்பிடுவார். என் குழுக்களில் எத்தனையோ பேர் கும்பிட்டிருக்கிறார்கள்.

ஆனால் அங்கே நிற்க விடமாட்டார்கள். பாலம் ஒருவழிப் பாதை. ஏறியவர் திரும்பி இறங்கக் கூடாது, முன்னோக்கித்தான் போக வேண்டும். ஒலிபெருக்கியில் ஒருவர் விடாமல் நினைவூட்டிக்கொண்டே இருப்பார். பிறவிச் சுழலில் பின்னோக்கி நடக்க முடியாது என்பது தத்துவம். பின்னால் ஐந்நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பது நடைமுறை. இரண்டும் பொருந்திப் போனதில் எனக்கு எப்போதும் ஒரு சிரிப்பு உண்டு. படம் எடுப்பதென்றால் பாலத்தில் ஏறும் முன்பே எடுத்துக்கொள்ளுங்கள்.

செருப்பைக் கழற்றிவிட்டு மண்டபத்துக்குள் போனால் எதிரே புத்தர். பின்னால் அமைதியான, ஒளி ததும்பும் சுவர். முக்கால்வாசிப் பேர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கூட்டம் தள்ளுகிற பக்கம் வெளியே போய்விடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு ஓரமாகத் தரையில் உட்காருங்கள். காலைப் பின்னால் மடக்கிக்கொள்ளுங்கள். புத்தரை ஆற அமரப் பார்த்துவிட்டு, பிறகு கழுத்தைத் திருப்பி, நீங்கள் நுழைந்த வாசலைப் பாருங்கள். வாசலைச் சுற்றி ஆரஞ்சு நிறத் தீ, நடுவே பேருருவமாக மாரனின் முகம். அந்தத் தீயில்தான் எல்லாரும் இருக்கிறார்கள்: ஸ்பைடர்மேன், சூப்பர்மேன், மைக்கேல் ஜாக்சன், மேட்ரிக்ஸ் நாயகன் நியோ, டெர்மினேட்டர், ஹலோ கிட்டி. அருகிலேயே விமானம் மோதிய நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள். மாரனின் கண்மணிகளுக்குள் ஜார்ஜ் புஷ் ஒன்றிலும் ஒசாமா பின்லேடன் ஒன்றிலும் இருப்பதாகப் பலர் குறித்திருக்கிறார்கள். கூட்டத்துக்கு நடுவில் கழுத்தை அண்ணாந்து பார்க்கையில் தெளிவாகத் தெரிய நல்ல கண் வேண்டும்.

பழைய ஓவியர்கள் துப்பாக்கி ஏந்திய ஐரோப்பியரை நிறுத்திய அதே சுவர், அதே இடம். சலெர்ம்சாய் மரபை உடைக்கவில்லை. மரபு அவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த கட்டத்தில் தன் காலத்தை நிரப்பியிருக்கிறார். நுழையும்போது அது நம் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அதனால்தான் பலர் பார்க்காமலேயே போய்விடுகிறார்கள். உள்ளே படம் எடுக்கவும் தடை, ஆகவே ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற வழியும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவர் குழுவில் வந்திருந்தார். உங்கள் அம்மா வயது இருக்கும். நான் சொன்னபடி உட்கார்ந்து, திரும்பி, அந்தச் சுவரை நன்றாகப் பார்த்தார். அமெரிக்கப் பட நாயகர்கள் ஒருவரையும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மறுபடி புத்தர் பக்கம் திரும்பி, "இந்தக் கண்ணராவியைப் பார்த்துக்கொண்டேதான் இவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறாரா?" என்று கேட்டார். "ஆமாம் ஆச்சி" என்றேன். "கண்ணை அரைவாசி மூடிக்கொண்டது நல்லதாகப் போயிற்று" என்றார். மாரன் சுவரைப் பற்றிக் கல்லூரியில் எனக்கு ஒரு பருவம் முழுக்க நடத்திய பாடத்தில் இவ்வளவு தெளிவு இருந்ததில்லை.

எதை உறுதியாகச் சொல்லலாம், எதைச் சொல்ல முடியாது என்பதையும் பிரித்துவிடுகிறேன். வெள்ளை, கண்ணாடி, கைகள், பாலம் ஆகியவற்றின் பொருள் ஓவியரும் கோயிலும் சொன்னது, அதில் சந்தேகமில்லை. மாரன் சுவரின் மரபும் கலை வரலாற்றில் நன்கு அறியப்பட்டது. ஆனால் இன்ன பாத்திரம் இன்ன பாவத்தைக் குறிக்கிறது என்று ஒவ்வொரு பொம்மைக்கும் உரை எழுதும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள். அவை கேட்கச் சுவையான ஊகங்கள், அவ்வளவுதான். அந்தச் சுவர் மேலைநாட்டைக் கண்டிக்கிறதா என்ற கேள்வியிலும் என் கருத்து ஊகமே: எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதை வரைந்தவருக்கு அந்தப் பாத்திரங்களின் மேல் வெறுப்பு இருப்பதாகக் கோடுகள் காட்டவில்லை. ரசித்து வரைந்திருக்கிறார். ஆசை என்பது அருவருப்பாக வந்தால் யார் அதன் பின்னால் போவார்கள்?

எல்லாவற்றையும் நான் மெச்சிக்கொள்வதாக நினைக்க வேண்டாம். வெளியே மரங்களில் திரைப்பட அரக்கர்களின் தலைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தரையிலிருந்து பிரிடேட்டர் எழுந்து வருகிறான். போக்குவரத்துக் கூம்புகளின் மேல் மண்டை ஓடுகள். உள்ளே சுவரில் இருக்கும்போது இவற்றுக்கு ஓர் எதிர்முகம் இருக்கிறது, எதிரே புத்தர் இருக்கிறார். வெளியே எதிரே இருப்பது தேநீர்க் கடை. இங்கே கலை கொஞ்சம் பொருட்காட்சியாகிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். குழந்தைகள் என்னோடு உடன்பட மாட்டார்கள். தகட்டாலான அரசிலையில் பெயரும் வேண்டுதலும் எழுதித் தொங்கவிடும் வழக்கமும் உண்டு. நம் கோயில் மரங்களில் தொட்டில் கட்டுவதைப் பார்த்த கண்ணுக்கு அது பழகிய காட்சிதான்.

வளாகத்தில் பொன்னிறமாக ஒரு மாளிகை மின்னும். அதை மூலஸ்தானம் என்று நினைத்துக் கைகூப்பியவர்களை நானே தடுத்து நிறுத்தியிருக்கிறேன். அது கழிப்பறை. வெள்ளை மண்டபம் மனம், பொன் மாளிகை உடல். மனிதர்கள் மனத்தை விட்டுவிட்டு உடலையும் பொன்னையும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்பது ஓவியரின் குத்தல்.

2014 மே 5 அன்று மாலை சியாங் ராய் வட்டாரத்தில் நிலநடுக்கம். ரிக்டர் அளவில் 6-க்குச் சற்று மேல். மண்டபத்தின் கூரை உச்சி சேதமானது, சுவரோவியங்கள் விரிசல் விட்டு உதிர்ந்தன. பதினேழு ஆண்டு உழைப்பு. மனமுடைந்துபோன சலெர்ம்சாய் முதலில் இனி மீட்டெடுக்கப் போவதில்லை என்றே சொன்னார். பொறியாளர்கள் வந்து பார்த்து, அடித்தளமும் கட்டுமானமும் உறுதியாகவே இருக்கின்றன என்ற பிறகு ஓரிரு நாளில் மனம் மாறி, பழுது பார்க்கத் தொடங்கினார். இன்று நீங்கள் பார்க்கப்போகும் சுவர் பழுது பார்க்கப்பட்ட சுவர். நிலையாமையைப் பற்றிய கோயிலுக்கு இப்படி நடந்ததை எண்ணி யாராவது தத்துவம் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள். சுவரோவியம் பழகிய எனக்கு உதிர்ந்த சாந்தை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

அம்மாவின் வழிபாட்டுக்கு வருவோம். கற்பூர ஆரத்தி, அர்ச்சனை, விபூதிப் பிரசாதம் எதுவும் கிடையாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். மண்டபத்தில் மண்டியிட்டு மூன்று முறை விழுந்து வணங்குவது அங்கத்திய முறை. முட்டி வலியென்றால் நின்றபடி கைகூப்பினாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உட்காரும்போது பாதம் புத்தரை நோக்கி நீளக் கூடாது. எதிரே பிக்கு வந்தால் பெண்கள் சற்று விலகி வழிவிட வேண்டும். அவரைத் தொடவோ கையில் நேரடியாகப் பொருள் கொடுக்கவோ கூடாது. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சேலைக்குக் கவலையில்லை. அரைக்கால் சட்டையோடு வரும் உங்கள் பிள்ளைகளுக்குத்தான் வாயிலில் துணி சுற்ற வேண்டியிருக்கும். பாலம் மேலேறி இறங்குவது. கூட்டத்தில் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள்.

சியாங் மாயிலிருந்து வருவதென்றால் சாலை வழியே மூன்று, மூன்றரை மணி நேரம். ஒரே நாளில் போய்த் திரும்பும் பயணங்களைத்தான் எல்லாரும் விற்கிறார்கள். பெரியவர்களை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் வண்டியிலேயே போய்விடும், கோயிலில் கிடைப்பது நாற்பது நிமிடம். அதுவும் எல்லா வண்டிகளும் வந்து சேரும் முன்பகல் வேளையில். சியாங் ராயில் ஓர் இரவு தங்கி, காலை எட்டு மணி வாக்கில் கோயில் திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். நகரின் பழைய பஸ் நிலையத்திலிருந்து அரை மணி நேரத்தில் பஸ் கொண்டுவிடும். வாடகை வண்டியும் எளிதில் கிடைக்கும். வெளிநாட்டவருக்கு 2016-இல் 50 பாட் கட்டணம் வந்தது. பிறகு உயர்ந்துவிட்டது, வாயில் பலகையில் அன்றைக்கு என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. நவம்பர் நல்ல மாதம்: மழை ஓய்ந்திருக்கும், வானம் நீலமாக இருக்கும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வயலும் காடும் எரியும் புகை மூட்டம். அப்போது வெள்ளைக் கோயில் சாம்பல் கோயிலாகத் தெரியும்.

தங்கினால் மற்ற இரண்டு இடங்களையும் பார்த்துவிடலாம். கோக் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள நீலக் கோயில், வாட் ரோங் சுவா தென். சலெர்ம்சாயிடம் பழகிய புத்தா காப்கேவ் வடிவமைத்தது. மண்டபம் 2016-இல் திறக்கப்பட்டது. உள்ளே கரு நீலத்துக்கு நடுவில் வெண்ணிறப் புத்தர். விரட்டுகிற ஒலிபெருக்கி கிடையாது. அமைதியாக உட்கார வேண்டுமென்றால் அம்மாவுக்கு இதுதான் கூடுதலாகப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். வடக்கே உள்ள 'கறுப்பு வீடு' கோயிலே இல்லை. பலர் கறுப்புக் கோயில் என்று தவறாகச் சொல்கிறார்கள். 2014-இல் காலமான தவான் துச்சனி என்ற பெரும் ஓவியரின் இடம் அது. ஏறத்தாழ நாற்பது கட்டடங்கள், உள்ளே எருமைக் கொம்பும் முதலைத் தோலும் எலும்பும். எனக்கு மூன்றிலும் மிகப் பிடித்தது அதுதான். ஆனால் சைவ உணவுக்காரரான ஒரு மூதாட்டியை அங்கே அழைத்துப் போகச் சொல்ல மாட்டேன். மாலையில் நகர நடுவில் சலெர்ம்சாய் வடிவமைத்த பொன்னிற மணிக்கூண்டு ஏழு, எட்டு, ஒன்பது மணிக்கு நிறம் மாறி இசை பாடும். பிள்ளைகளுக்கு அது போதும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 'சைவம்' என்று கேட்டால் கறி போடாமல் மீன் சாற்றை ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். 'ஜே' என்று சொல்லுங்கள். முட்டை, மீன் சாறு மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட இல்லாத உணவு அது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகளில் கிடைக்கும். மறக்காமல் அம்மாவுக்கு ஒரு குளிர் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். வெயில் ஏறிவிட்டால் அந்த வெள்ளைச் சுவரையும் கண்ணாடிச் சில்லுகளையும் வெறுங்கண்ணால் ஐந்து நிமிடம்கூடப் பார்க்க முடியாது. கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு இன்னும் சிரமம்.